கடற்காற்றாலைகளும் கரையோரமும்

2008ஆம் ஆண்டு பெப்ரவரி 12ஆம் நாள், டென்மார்க்கின் மேற்குக் கடலில் எடுக்கப்பட்ட நிழற்படம் ஒன்று உலகெங்கும் பேசப்பட்டது. ஹோர்ன்ஸ் ரெவ் என்னும் மணற்றிட்டின்மேல் 2002 முதல் வரிசை வரிசையாக நிற்பவை 80 காற்றாலைகள். அன்று அவற்றின் பின்னே வெண்ணிற மூடுபனி வால்போல் நீண்டு கிடந்தது. கண்ணுக்குப் புலனாகாத காற்று அந்த ஒரு நாள் தன் தடத்தைத் தானே வரைந்து காட்டிற்று. காற்றாலை தன்னைக் கடந்து செல்லும் காற்றின் வலிமையில் ஒரு பங்கைக் கவர்ந்துகொள்கிறது. பின்னே செல்வது தளர்ந்து சுழன்ற காற்று. அலையை எழுப்புவது காற்றேயன்றோ? அவ்வாறாயின், காற்றுத் தளர்ந்தால் அலையும் தளருமா? அலை மாறினால் கரை என்னாகும்?

இது வீண் ஐயமன்று. இங்கிலாந்தின் நோர்போக் கரையில் ஹெம்ஸ்பி என்னும் ஊரிலே, 2013 டிசெம்பர்ப் புயலின்போது மணல்மேட்டின்மேல் இருந்த வீடுகள் கடலிற் சரிந்தன. அவ்வூருக்குத் தெற்கே, கரையிலிருந்து ஏறக்குறைய 2.5 கிலோமீற்றர் தொலைவில், ஸ்குரோபி மணற்றிட்டில் 2004 முதல் 30 காற்றாலைகள் நிற்கின்றன. அக்கரையைக் கடல் அரித்துவருவது பல நூற்றாண்டுக் கதை. காற்றாலைகளோ நேற்று வந்தவை. ஆயினும் அத்தகைய கரையில் வாழ்பவர், கடலில் நடப்படும் ஒவ்வொரு தூணையும் ஐயத்தோடு நோக்குவது இயல்பே.

முதலில் தூணை எடுத்துக்கொள்வோம். ஹோர்ன்ஸ் ரெவ்வில் உள்ள உருக்குத் தூண் ஒவ்வொன்றும் சுமார் 4 மீற்றர் அகலமுடையது. ஒன்றுக்கொன்று இடைவெளி 560 மீற்றர். எட்டுச் செக்கனுக்கு ஒருமுறை வரும் அலையின் நீளம், 10 மீற்றர் ஆழத்தில் ஏறத்தாழ 70 மீற்றராகும். குளத்தில் நிற்கும் கொக்கின் கால்களைச் சிற்றலை கடப்பதுபோல, அந்த அலை தூணைச் சுற்றிப் போய்விடுகிறது. சிறிதளவே சிதறுகிறது. கல் அணையின் கதை வேறு. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னைத் துறைமுகத்துக்கு அலைதடுப்பு அணை கட்டியபோது, தெற்கிலிருந்து வந்த மணல் அங்கே தங்கி மெரீனாவை அகலச் செய்தது. வடக்கே இராயபுரம் பக்கமோ மணலின்றிக் கடலுக்கு இரையாயிற்று. தூண்வரிசையை அத்தகைய அணையாக எண்ணுதல் பிழை.

காற்றின் தளர்ச்சியை அவ்வளவு எளிதில் ஒதுக்கிவிட முடியாது. 2016, 2017ஆம் ஆண்டுகளில் ஜெர்மானிய வடகடலில் விமானங்களிலிருந்து அளந்தபோது, வளிமண்டலம் அமைதியாயிருந்த வேளைகளில் இத்தளர்ச்சி 70 கிலோமீற்றர் வரையுங்கூட நீண்டிருந்தமை தெரியவந்தது. 2013இல் வெளிவந்த ஓர் ஆய்வின்படி, தூண்களில் உராய்வதால் அலை இழக்கும் ஆற்றல் அற்பம். தூண்களாற் சிதறுவதும் காற்றுத் தளர்வதுமே முக்கியமானவை. ஆனால் தொலைகடலிற் பிறந்து வரும் பெருநீளலையை இத்தளர்ச்சி பெரிதும் தொடுவதில்லை. காற்றாலைக்கும் கரைக்கும் இடையிலுள்ள கடற்பரப்பு அகன்றிருந்தால், இருபக்கத்து அலைகளும் உட்புகுந்து குறையை நிரப்பிவிடும்.

அலை குறைவது நன்மையே என்று மகிழவும் இயலாது. சாய்ந்து வரும் அலைகள் மணலைக் கரையோரமாக நகர்த்திச் செல்கின்றன. ஓரிடத்தில் அலை தளர்ந்தால் அங்கே மணல் தங்கும். அடுத்த ஊருக்கு வரவேண்டிய மணல் குறையும்.

கரைக்கு அணித்தாய் உள்ள திட்டுகளில் நாம் கவனிக்க வேண்டியது அடிநிலமே. அலை வாங்கும் மணலில் நின்றிருப்பீர்கள். குதிகாலின்கீழ் மணல் கரைவதை உணர்ந்திருப்பீர்கள். தூணடியிலும் அதுவே நிகழ்கிறது. நீரோட்டம் மணலை வாரி, தூணின் அகலத்தைப்போல் சுமார் 1.3 மடங்கு ஆழத்துக்குக் குழி பறிக்கும். ஸ்குரோபியில் 5 மீற்றர் வரை குழிகள் விழுந்தன. இதைத் தடுக்கவே தூணடியிற் கற்களைக் கொட்டுகின்றனர். இக்காலத்துத் தூண்கள் 8 மீற்றருக்கும் மேல் அகன்றவை. குழியும் அதற்கேற்ப ஆழமாகலாம்.

மணற்றிட்டு என்பது கரைக்கு இயற்கை கட்டிய அரண். பேரலைகள் அதன்மேல் உடைந்து வலுவிழந்தே கரை சேர்கின்றன. திட்டுத் தாழ்ந்தால் அவை உடையாமலே வந்து மோதும். ஆனால் ஸ்குரோபித் திட்டு காற்றாலை வருமுன்னரும் ஓயாது இடம்பெயர்ந்து வந்ததுதான். எது தூணின் செயல், எது கடலின் வழக்கம் என்று பிரித்தறிய வேண்டுமாயின், தூண் நடுவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்னிருந்தே எடுத்த ஆழ அளவைப் படங்கள் கையில் இருத்தல் வேண்டும்.