'வாட்ச் அவுட்': பார்த்தால் மட்டும் போதுமா?

பஸ் படிக்கட்டில் தொங்கிக்கிட்டு போறவனைப் பார்த்து நம்ம ஊர்ப் பாட்டி, "மக்ளே, பாத்து!" என்பார். எதைப் பார்க்கணும்னு அவனும் கேட்க மாட்டான். 'ஜாக்கிரதையா இரு' என்பது அந்த ஒரே சொல்லில் இருக்கு. ஆங்கிலத்தில் இதே வேலையைச் செய்வதுதான் 'வாட்ச் அவுட்'.

'வாட்ச்' என்றால் கவனித்துப் பார்ப்பது. கிரிக்கெட்டும் பார்க்கலாம், சினிமாவும் பார்க்கலாம். 'அவுட்' சேர்ந்ததும் அது எச்சரிக்கை ஆகிவிடும்: ஆபத்து வரலாம், விலகத் தயாரா இரு.

பயன்படுத்தும் முறை மூன்று.

1. தனியாக: "வாட்ச் அவுட்!" பின்னால் எதுவும் வேண்டாம். "லுக் அவுட்!" என்றாலும் இதே பொருள்தான்.

2. ஆபத்தின் பெயரோடு: நடுவில் 'ஃபார்' கட்டாயம். "வாட்ச் அவுட் ஃபார் தி வேவ்ஸ்" என்றால் 'அலை வரும், ஜாக்கிரதை'. 'ஃபார்' இல்லாமல் "வாட்ச் அவுட் தி வேவ்ஸ்" என்பது பிழை. 'அவுட்'டையும் சேர்த்து விட்டுவிட்டால் இலக்கணம் சரி, பொருள் தலைகீழ். "வாட்ச் தி வேவ்ஸ்" என்றால் 'அலையை வேடிக்கை பார்'!

3. ஆளின் பெயரோடு: "லுக் அவுட் ஃபார் யுவர் ஃபிரண்ட்ஸ்" என்றால் 'நண்பர்களைப் பாத்துக்கோ'. ஆனால் "வாட்ச் அவுட் ஃபார் ஹிம்" என்றால் பெரும்பாலும் 'அவன்கிட்ட உஷார்' என்றுதான் பொருள். தமிழிலும் 'பாத்து', 'பாத்துக்கோ' இரண்டும் வேற வேறதானே?

இந்த வேறுபாடு மார்க்குக்கு மட்டும் இல்லை. 2024 மே 6 அன்று கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் 5 பேர் அலையில் சிக்கி இறந்தார்கள். நம்ம வயசுக்காரங்க. அந்த நாட்களில் 'கள்ளக்கடல்' எச்சரிக்கை வந்திருந்தது.

கள்ளக்கடல் என்பது கள்ளன் மாதிரி சொல்லாமல் வருவது. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி, தென்கடல்களில் வீசும் பலத்த காற்று பெரிய அலைகளை உருவாக்கும். அவை நாட்கணக்கில் பயணம் செய்து நம்ம கரைக்கு வரும்போது இங்கே காற்றும் இருக்காது, மழையும் இருக்காது. கரையில் நின்று எவ்வளவு நேரம் 'வாட்ச்' பண்ணினாலும் கண்ணுக்கு அடையாளம் தெரியாது. அதை முன்கூட்டியே சொல்வது ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் எனும் கடல் தகவல் மையத்தின் அறிவிப்புதான். அதைப் படித்துவிட்டுக் கிளம்புவதுதான் இங்கே 'வாட்ச் அவுட்'.

முட்டமோ சொத்தவிளையோ, அடுத்த லீவுக்கு பிளான் போடும்போது இந்த இரண்டு வாக்கியத்தையும் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுப் பழகுங்க:

"வாட்ச் அவுட் ஃபார் கள்ளக்கடல். லுக் அவுட் ஃபார் ஈச் அதர்."

முதலாவது, எதுக்குப் பயப்படணும்னு சொல்லுது. இரண்டாவது, யாரைப் பாத்துக்கணும்னு சொல்லுது.