கோமாளி மீனுக்குச் சோடி சேர்ப்பது எப்படி?

மீன்தொட்டிக் கடைகளில் கோமாளி மீனைக் கண்டவர்கள் கேட்கும் முதல் கேள்வி, “இதில ஆண் எது, பெண் எது?” என்பதுதான். கடைக்காரர் பெரும்பாலும் ஏதோ இரண்டைக் காட்டிச் சமாளித்துவிடுவார். உண்மையில், விற்பனைக்கு வரும் இளம் மீன்களில் பெண் என்று ஒன்றுமே இருப்பதில்லை. செம்மஞ்சள் உடலில் மூன்று வெள்ளைப் பட்டிகள் கொண்ட இந்த மீன் ஆணாகுமா பெண்ணாகுமா என்பது, அதன் பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது.

வீட்டில் கடல்நீர்த் தொட்டி வைத்திருப்பதால் இந்தக் கேள்வி என்னிடமும் அடிக்கடி வருகிறது. அதற்கான பதிலை மீன் வாழும் இடத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

மூத்தவள் ஒருத்தி

கடலில் கோமாளி மீன்கள் கடல் அனிமனியின் கொட்டும் விழுதுகளுக்குள் வாழ்கின்றன. மற்ற மீன்களைச் செயலிழக்கச் செய்யும் அந்த விழுதுகள், தோலைப் போர்த்தியிருக்கும் வழுவழுப்பான படலத்தால் இவற்றை ஒன்றும் செய்வதில்லை. ஓர் அனிமனியில் ஒரு சிறு கூட்டம் இருக்கும். அதில் மிகப் பெரியது பெண். அடுத்த பெரியது அதன் துணையான ஆண். மீதமுள்ளவை இனப்பெருக்கம் செய்யாத சிறியவை.

பெண் இறந்தால் வெளியிலிருந்து இன்னொரு பெண் வருவதில்லை. துணையாக இருந்த ஆண் பெண்ணாக மாறும். சிறியவற்றில் பெரியது ஆணின் இடத்துக்கு வரும். ஒருமுறை பெண்ணானது மீண்டும் ஆணாவதில்லை. ஹான்ஸ் ஃபிரிக்கே, சிமோன் ஃபிரிக்கே ஆகிய ஆய்வாளர்கள் இதை 1977இல் ‘நேச்சர்’ இதழில் விளக்கினார்கள். சிறிய மீன்கள் தமக்கு மேலே உள்ளதை எட்டிவிடாதபடி தம் வளர்ச்சியையே மட்டுப்படுத்திக்கொள்கின்றன என்பதை 2003இல் பீட்டர் பஸ்டன் எழுதினார். எட்டிவிட்டால் அனிமனியை விட்டுத் துரத்தப்படும். வெளியே போனால் உயிர் மிஞ்சாது.

அதே 2003இல்தான் நீமோ படமும் வந்தது. தாயை இழந்த குஞ்சைத் தேடி ஒரு தகப்பன் கடலெல்லாம் அலையும் கதை. உயிரியலின்படி பார்த்தால் அந்தத் தகப்பன் தாயாக மாறியிருக்க வேண்டும்.

தொட்டியில் செய்ய வேண்டியது

ஆகவே, ஆணையும் பெண்ணையும் தேடி வாங்கத் தேவையில்லை. ஒரே இனத்தைச் சேர்ந்த இரண்டு இளம் மீன்களை, ஒன்று மற்றதைவிடத் தெளிவாகப் பெரியதாகப் பார்த்து வாங்குங்கள். ஒன்று மூன்று சென்ரிமீற்றர், மற்றது ஐந்து சென்ரிமீற்றர் என்றால் நல்லது. யார் பெரியவர் என்பது முதல் நாளிலேயே தெரிந்தால் சண்டை குறையும். இரண்டையும் ஒரே நாளில் விடலாம். அல்லது சிறியதை முதலில் விட்டு, அது இடம் பழகியபின் பெரியதை விடலாம்.

ஒரு சோடிக்கு 80 முதல் 100 லீற்றர் தொட்டி போதும். மூன்றாவது மீன் வேண்டாம். சிறிய தொட்டியில் இரண்டு சேர்ந்துகொண்டு மூன்றாவதை அடித்துக் கொன்றுவிடும். அனிமனியும் கட்டாயமில்லை. அதை வளர்ப்பது மீன் வளர்ப்பதைவிடக் கடினம். ஒரு கல்லிடுக்கோ மண்சட்டியோ இருந்தால் மீன் அதையே வீடாக்கிக்கொள்ளும்.

மீன் வாங்குவதற்கு நான்கு முதல் ஆறு கிழமைக்கு முன்பே தொட்டியை ஓடவிட வேண்டும். கழிவைச் சிதைக்கும் பக்ரீரியாக்கள் பெருக அவ்வளவு காலம் எடுக்கும். அமோனியாவும் நைத்திரைற்றும் பூச்சியமாக இருக்க வேண்டும். யாழ்ப்பாணக் குடாநாட்டின் பல கிணறுகளில் உரத்தாலும் மலக்குழிகளாலும் நைத்திரேற்று அதிகம். அந்தத் தண்ணீரில் உப்புக் கலவையைக் கரைப்பதைவிட, வடிகட்டி விற்கும் ஆர்.ஓ. தண்ணீரைப் பாவிப்பது பாதுகாப்பு. வெப்பம் 25 முதல் 27 பாகை வரை இருந்தால் நல்லது. எங்கள் கோடைக்கு அது எளிதல்ல. நீர்ப்பரப்பின் மேல் ஒரு சிறு மின்விசிறியை ஓடவிட்டால் இரண்டு மூன்று பாகை குறையும். அப்போது நீர் விரைவாக ஆவியாகும். குறைந்ததை நன்னீரால்தான் நிரப்ப வேண்டும், ஏனெனில் உப்பு ஆவியாவதில்லை.

இரண்டு மீன்களும் சந்தித்ததும் பெரியது துரத்தும். சிறியது பக்கவாட்டில் சாய்ந்து உடலை நடுக்கும். பலர் இதை வலிப்பு என்று பயந்து கடைக்காரருக்கு அழைப்பெடுக்கிறார்கள். அது நோயல்ல, பணிவு. “நீதான் பெரிய ஆள்” என்று சிறியது ஒப்புக்கொள்கிறது. அந்த நடுக்கத்தைக் கண்டால் நிம்மதியடையலாம். சில நாட்களில் இரண்டும் ஒரே மூலையில் உறங்கத் தொடங்கும்.

செட்டை கிழிந்தாலோ, ஒன்று நீர்ப்பரப்பின் மூலையில் ஒதுங்கிச் சாப்பிடாமல் கிடந்தாலோ தலையிட வேண்டும். பெரியதை ஓட்டையுள்ள ஒரு பிளாஸ்ரிக் பெட்டிக்குள் விட்டு, தொட்டிக்குள்ளேயே ஒன்று இரண்டு கிழமை வையுங்கள். ஒன்றையொன்று பார்க்கும், கடிக்க முடியாது. பிறகு திறந்துவிட்டுப் பாருங்கள். ஏற்கனவே பெண்ணான இரண்டு மீன்கள் மட்டும் ஒருபோதும் சேரா.

ஒன்று போனால்

2022இல் மணிக்கணக்காக நீண்ட மின்வெட்டுகளில், மோட்டார் நின்று காற்றில்லாமல் தொட்டி மீன்களை இழந்தவர்கள் இருக்கிறார்கள். மின்கலத்தில் ஓடும் ஒரு சிறிய காற்றுப் பம்பு இந்த நாட்டில் அலங்காரப் பொருளல்ல.

சோடியில் பெண் இறந்தால், மிஞ்சியது சில கிழமைகளிலிருந்து சில மாதங்களுக்குள் பெண்ணாக மாறும். ஆண் இறந்தால், பெண் பெண்ணாகவே இருக்கும். இரண்டு நிலையிலும் செய்ய வேண்டியது ஒன்றே: மிஞ்சியதைவிடச் சிறிய இளம் மீன் ஒன்றைக் கொண்டுவர வேண்டும். பெரியதைக் கொண்டுவந்தால் போர்தான்.

இதைச் சொல்லும்போது, “எங்கட சனத்தின்ர கதை மாதிரி இருக்கு” என்பவர்கள் உண்டு. எனக்கு அந்த ஒப்பீட்டில் தயக்கம் இருக்கிறது. யுத்தத்தில் கணவரை இழந்த, காணாமல் ஆக்கப்பட்டவரைத் தேடும் பெண்கள் இங்கே தகப்பனின் பொறுப்பையும் சேர்த்துச் சுமக்கிறார்கள். மீனுக்கு அந்த மாற்றத்தை அதன் உடலே செய்து கொடுக்கிறது. இவர்களுக்கு அப்படி எதுவும் தானாக நடக்கவில்லை. அவர்கள் தாங்கியதை இயற்கை என்று சொல்லிக் கடந்துவிடக் கூடாது.

முட்டையிட்டால் வருமானமா?

சோடி முதிர்ந்து முட்டையிட ஒரு வருடமோ அதற்கு மேலோ ஆகலாம். கல்லிலோ சட்டியிலோ நூற்றுக்கணக்கில் செம்மஞ்சள் முட்டைகள் ஒட்டப்படும். செட்டையால் விசிறிக் காவல் காப்பது பெரும்பாலும் ஆண். ஏழு எட்டு நாட்களில் முட்டைக்குள் வெள்ளிநிறக் கண்கள் தெரியும். பிறகு ஒரு நாள், இருட்டியதும் குஞ்சுகள் வெளிவரும்.

“அப்ப இதை வளர்த்து விற்கலாமே?” என்பது அடுத்த கேள்வி. கோழிக்குஞ்சும் ஆடும் தையல் இயந்திரமும் ‘வாழ்வாதாரம்’ என்ற பெயரில் வந்து, சந்தையோ தொடர் உதவியோ இல்லாமல் நின்றுபோனதைக் கண்ட ஊர்களில் இதற்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும். குஞ்சுகள் சில மில்லிமீற்றர் நீளமே இருக்கும். தூள் தீனி சாப்பிடா. ரொட்டிஃபர் என்ற கண்ணுக்குத் தெரியாத உயிரியை உயிரோடு கொடுக்க வேண்டும். அந்த ரொட்டிஃபருக்குத் தீனியாகப் பச்சைப்பாசியைத் தனியே வளர்க்க வேண்டும். சில நாட்களின் பின்னர் ஆர்ட்டீமியா குஞ்சுகளும் தேவை. இந்தச் சங்கிலியில் ஒன்று ஒரு நாள் அறுந்தாலும் முழு ஈட்டும் போய்விடும்.

முடியாத காரியம் அல்ல. அமெரிக்காவில் மார்ட்டின் மோ 1970களின் தொடக்கத்திலேயே இதை வணிக அளவில் செய்தார். நம்மில் பலருக்கு அகதி முகாமாக மட்டும் தெரிந்த மண்டபத்தில், இந்திய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் நிலையமும் கோமாளி மீன்களைக் குஞ்சு பொரிக்க வைத்து வளர்த்திருக்கிறது. ஆனால் அங்கே ஆய்வுகூடமும் பயிற்சி பெற்றவர்களும் இருக்கிறார்கள். ஒரு வீட்டிடம் ஒரு சோடி மீனை மட்டும் கொடுத்து வருமானம் வரும் என்று யாராவது சொன்னால், பாசி யார் தருவார், மின்சாரம் நின்றால் என்ன வழி, யார் வாங்குவார் என்று முதலில் கேளுங்கள்.

வாங்கும்போதும் ஒரு கேள்வி உண்டு: இது கடலில் பிடித்ததா, பண்ணையில் வளர்த்ததா? நிலாவெளிக்கு அப்பால், 2003இல் தேசிய பூங்காவாக்கப்பட்ட புறாமலை உட்பட எங்கள் கிழக்குக் கடலின் பவளப்பாறைகளிலும் கோமாளி மீன் இனங்கள் வாழ்கின்றன. ஓர் அனிமனியிலிருந்து பெரிய இரண்டையும் பிடித்துவிட்டால், மிஞ்சிய சிறியவை வளர்ந்து முட்டையிடும்வரை அங்கே புதிய தலைமுறை இல்லை. பண்ணை மீன் தொட்டிக்கும் தீனிக்கும் பழகியிருக்கும். சோடி சேர்வதும் இலகு. நன்றாகப் பார்த்தால் இருபது வருடத்துக்கு மேலும் வாழக்கூடிய மீன் இது. வாங்கும் முன் அதையும் யோசியுங்கள்.