வானொலியில் தூஷணம் கேட்டால் யாருக்கு எழுதுவது?

மன்னார் மாவட்டத்தின் முசலிப் பகுதியிலுள்ள கொண்டச்சியில் கடை வாசலிலும் மீன்வாடியிலும் தையல் மெஷினுக்குப் பக்கத்திலும் வானொலி ஒலித்துக்கொண்டே இருக்கிறது. நேயர்கள் தொலைபேசியில் பேசும் நேரடி நிகழ்ச்சிகளுக்குத்தான் இப்போது அதிக மவுசு. ஒருவர் வெறியிலோ வேண்டுமென்றோ அழைத்துப் பச்சைத் தூஷணத்தைக் கொட்டிவிடுகிறார். அறிவிப்பாளர் அழைப்பைத் துண்டித்து, சிரித்து மழுப்பி, ஒரு பாட்டைப் போட்டுவிடுகிறார். இன்னும் சில நாட்களில் அறிவிப்பாளரே இரட்டை அர்த்தத்தில் பேசி, அழைத்த பெண்ணைத் திக்குமுக்காட வைக்கிறார். பக்கத்தில் மத்ரஸாவுக்குப் போக உடுத்திக்கொண்டு நிற்கும் பிள்ளைக்கும் அது காதில் விழுகிறது.

அதற்குப் பிறகு நடப்பது எல்லா ஊரிலும் ஒரே மாதிரிதான். உம்மா ரேடியோவை மூடுகிறார். வாப்பா இரண்டு நாள் ஏசுகிறார். ஓர் இளைஞர் அந்த ஒலித் துண்டைப் பிடித்து வட்ஸ்அப் குழுவில் போடுகிறார். இரவுக்குள் சிலாவத்துறை தொடங்கி மறிச்சுக்கட்டி வரை அதைக் கேட்காதவர் இல்லை. வானொலியில் ஒரு தடவை ஒலித்த சொல்லை நாமே நூறு வீடுகளுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறோம். திகதி போட்டு, கையெழுத்திட்டு, பதிவுத் தபாலில் ஒரு முறைப்பாடு அனுப்பியவர் யார் என்று கேட்டால் ஊரில் ஒருவர்கூட இல்லை. அடுத்த கிழமை அதே நிகழ்ச்சி அதே நேரத்தில் அதே சிரிப்போடு வருகிறது. வராமல் என்ன செய்யும்? நிலையத்திடம் யாரும் எதுவும் கேட்கவில்லையே.

முதலில் ஒரு தப்பெண்ணத்தை விட வேண்டும். அரசு எங்கோ ஒரு காவலாளியை வைத்திருக்கிறது, அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்பார் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி ஒருவர் இல்லை. இலங்கையில் வானொலியின் உள்ளடக்கத்துக்கென்று சுயாதீன ஒழுங்குறுத்தல் சபை கிடையாது. 1997இல் கொண்டுவரப்பட்ட ஒலிபரப்பு அதிகாரசபைச் சட்டமூலத்தை உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. அந்தச் சபை அரசாங்கத்தின் பிடியிலிருந்து விடுபட்டதாக இல்லை என்பது முக்கிய காரணம்; நீதிமன்றம் சொன்னது நியாயம். பிறகு வந்த அரசாங்கங்கள் ஒன்றுகூட அந்தக் குறையைத் திருத்தி ஒழுங்கான சட்டம் கொண்டுவரவில்லை. 2023இல் மீண்டும் ஒரு வரைவு வெளியே வந்தது. அதிலும் அதே குற்றச்சாட்டு எழுந்தது. கால் நூற்றாண்டுக்கு மேல் இந்த இடம் வெறுமையாகவே கிடக்கிறது.

அதனால் இருக்கும் கதவுகளைத் தெரிந்துகொண்டு தட்ட வேண்டியதுதான். பிழையான கதவைத் தட்டினால் மாதங்கள் வீணாகும். பத்திரிகைப் பேரவைக்கும் பத்திரிகை முறைப்பாட்டு ஆணைக்குழுவுக்கும் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். அவை பத்திரிகைகளுக்கானவை. தொலைத்தொடர்புகள் ஒழுங்குறுத்தும் ஆணைக்குழுவின் 1900 இலக்கத்துக்கு அழைப்பவர்களும் உண்டு. அந்த ஆணைக்குழு அலைவரிசையைப் பங்கிட்டுக் கொடுப்பது. அறிவிப்பாளர் என்ன பேசினார் என்பதை அது விசாரிக்காது. தனியார் வானொலிக்கு அனுமதிப்பத்திரம் கொடுப்பது வெகுசன ஊடகத்துக்குப் பொறுப்பான அமைச்சர். அந்த அதிகாரம் 1966ஆம் ஆண்டின் 37ஆம் இலக்க இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனச் சட்டத்திலிருந்து வருகிறது. ஆகவே உங்கள் கடிதம் போக வேண்டிய இடங்கள் இரண்டு: முதலாவது அந்த வானொலி நிலையம், இரண்டாவது வெகுசன ஊடகத்துக்குப் பொறுப்பான அமைச்சின் செயலாளர், 163, கிருலப்பனை மாவத்தை, பொல்ஹேன்கொட, கொழும்பு 05.

நிலையம் அரசினுடையதாக இருந்தால் உங்கள் கை இன்னும் பலமானது. நல்ல ரசனைக்கும் கண்ணியத்துக்கும் மாறான எதுவும் நிகழ்ச்சிகளில் வராமல் பார்ப்பது ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் கடமை என்று மேலே சொன்ன சட்டமே சொல்கிறது. அதைச் சுட்டிக்காட்டித் தலைவருக்கும் பணிப்பாளர் நாயகத்துக்கும் எழுதுங்கள்.

கடிதத்தை எப்படி எழுதுவது என்பதில்தான் பெரும்பாலானவர்கள் கோட்டை விடுகிறார்கள். “உங்கள் வானொலியில் தகாத வார்த்தைகள் வருகின்றன, கலாசாரம் சீரழிகிறது” என்று இரண்டு பக்கம் எழுதி அனுப்பினால் அது கோப்பில் போய்ப் படுத்துவிடும். எந்த நாள், எத்தனை மணி எத்தனை நிமிடம், எந்த நிகழ்ச்சி, அறிவிப்பாளர் என்ன பெயரில் பேசினார் என்பவை வேண்டும். அலைவரிசை எண்ணை மட்டும் எழுதி விட்டுவிடாதீர்கள். ஒரே வானொலி மன்னாரில் ஓர் எண்ணிலும் கொழும்பில் வேறோர் எண்ணிலும் ஒலிக்கலாம். நிலையத்தின் பெயரையும் நீங்கள் கேட்ட எண்ணையும் கேட்ட ஊரையும் சேர்த்து எழுதுங்கள்.

சொன்ன சொல்லையும் அப்படியே எழுத வேண்டும். நம் ஆட்கள், குறிப்பாகப் பெண்கள், இதற்குக் கூச்சப்படுகிறார்கள், அது விளங்குகிறது. ஆனால் சொல் இல்லாத முறைப்பாட்டுக்கு “அப்படி எதுவும் ஒலிபரப்பாகவில்லை” என்ற ஒரு வரிப் பதில் போதும், விஷயம் முடிந்துவிடும். கூச்சமாக இருந்தால் அந்தச் சொல்லைத் தனித் தாளில் எழுதி, சிறு உறையில் இட்டு ஒட்டி, “இணைப்பு 1” என்று குறித்துக் கடிதத்தோடு வையுங்கள்.

கடைசியில் உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேளுங்கள். அதே நிகழ்ச்சியில், அதே நேரத்தில் மன்னிப்பு ஒலிபரப்ப வேண்டும். நேரடி அழைப்புகளைச் சில வினாடி தாமதித்து ஒலிபரப்பும் ஏற்பாடு இருக்கிறதா என்று எழுத்தில் பதில் தர வேண்டும். அன்றைய ஒலிப்பதிவை அழிக்காமல் வைத்திருக்க வேண்டும். இந்த மூன்றும் எழுதினால் போதும். “அழைத்தவர் பேசியதற்கு நாங்கள் என்ன செய்வது?” என்று நிலையங்கள் சொல்வது வழக்கம். அது சாட்டு. அழைப்பைத் தாமதித்து, தூஷணம் வந்தால் வெளியே போகுமுன் வெட்டும் வசதி உலகத்தில் பல பத்தாண்டுகளாக இருக்கிறது. அதை வைக்காமல் நேரடி நிகழ்ச்சி நடத்துவது நிலையத்தின் முடிவு. அதன் பொறுப்பும் நிலையத்தினுடையதே.

ஒலிப்பதிவைப் பற்றி அவசரமாகச் சொல்லவேண்டியது ஒன்று. பிரித்தானியாவில் வானொலி நிலையங்கள் தம் ஒலிபரப்பை 42 நாட்கள் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. இங்கே அப்படி நம்பி இருந்துவிடாதீர்கள். ஒரு கிழமைக்குள் எழுதிவிடுங்கள். உங்கள் கைத்தொலைபேசியில் பதிந்திருந்தால் அந்த மூலக் கோப்பை வெட்டாமல் ஒட்டாமல் அப்படியே வைத்திருங்கள். வட்ஸ்அப்பில் சுற்றி வந்த பிரதியில் பதிந்த நாளும் நேரமும் தெளிவாக இராது. மறுபடியும் சொல்கிறேன்: அந்தத் துண்டைக் குழுக்களில் போடாதீர்கள். ஆபாசமானதைப் பரப்புவது 1927ஆம் ஆண்டின் ஆபாச வெளியீடுகள் கட்டளைச் சட்டத்தின் கீழ் குற்றம். முறைப்பாடு செய்யவேண்டிய நீங்கள் முறைப்பாட்டுக்கு ஆளாகாதீர்கள்.

கடிதத்தைச் சிலாவத்துறையிலிருந்தோ மன்னாரிலிருந்தோ பதிவுத் தபாலில் அனுப்பி, தபால் பற்றுச்சீட்டைக் கடிதப் பிரதியோடு சேர்த்துப் பின் அடித்து வையுங்கள். தொலைபேசியில் ஏசியது முறைப்பாடு ஆகாது. நிலையத்தின் முகநூல் பக்கத்தில் எழுதியதும் ஆகாது. அதை அவர்கள் ஒரு நொடியில் அழித்துவிடலாம்.

அமைச்சிலிருந்து பதில் வராது என்பார்கள். பலமுறை வருவதில்லை என்பது உண்மைதான். அலுவலகம் அலுவலகமாகத் தள்ளிவிடும் இந்தப் பழக்கத்துக்கு மருந்து 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டம். ஒரு மாதம் பொறுத்துவிட்டு, அதே அமைச்சின் தகவல் அலுவலருக்கு ஒரு கோரிக்கை அனுப்புங்கள். அதில் கோபம் வேண்டாம், கேள்வி மட்டும் போதும். இன்ன திகதியிட்ட என் முறைப்பாட்டின் மீது எடுத்த நடவடிக்கை என்ன? இன்ன வானொலிக்குக் கொடுத்த அனுமதிப்பத்திரத்தின் நிபந்தனைகளின் பிரதி தருக. கடந்த ஒரு வருடத்தில் வானொலிகள் பற்றி வந்த முறைப்பாடுகள் எத்தனை, அவற்றில் எத்தனைக்கு நடவடிக்கை எடுக்கப்பட்டது? ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று அலுவலர் தீர்மானிக்க வேண்டும். மறுத்தாலோ மௌனமாக இருந்தாலோ 14 நாட்களுக்குள் அதே அமைச்சின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு செய்யலாம். அங்கும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் தகவலுக்கான உரிமை ஆணைக்குழுவுக்குப் போகலாம். முறைப்பாட்டுக் கடிதத்தை மேசைக்கு அடியில் போட முடியும். இந்தக் கோரிக்கையைப் போட முடியாது; அதற்கு நாட்கணக்கு உண்டு, தவறினால் பதில் சொல்லவேண்டிய ஆளும் உண்டு.

ஒரு தனிக் கடிதத்தின் வலிமைக்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். அமெரிக்காவில் 1973 ஒக்டோபர் 30 பிற்பகல் ஒரு நியூயோர்க் வானொலி ஜோர்ஜ் கார்லின் என்ற நகைச்சுவையாளரின் தூஷணப் பேச்சை ஒலிபரப்பியது. மகனோடு காரில் போன ஒரு தகப்பன் அதைக் கேட்டுவிட்டு முறைப்பாடு எழுதினார். அந்த ஒலிபரப்பைப் பற்றி, வானொலிகளைக் கண்காணிக்கும் அந்நாட்டு ஆணைக்குழுவுக்கு வந்த ஒரே முறைப்பாடு அதுதான். அது அந்நாட்டு உச்ச நீதிமன்றம் வரை போய், பிள்ளைகள் கேட்கக்கூடிய நேரத்தில் இத்தகைய பேச்சைக் கட்டுப்படுத்தலாம் என்று 1978இல் தீர்ப்பானது. ஊர் திரண்டுதான் எழுத வேண்டும் என்றில்லை.

வானொலிகள் எடுக்கும் ஏமாற்று அழைப்புகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மின்சார சபை என்றும் வங்கி என்றும் சொல்லி ஒருவரைப் பதற வைத்து, அழவைத்து, ஊர் சிரிக்க ஒலிபரப்புகிறார்கள். 2012 டிசெம்பரில் சிட்னி வானொலி ஒன்றின் இருவர் அரச குடும்பத்தார் போல் நடித்து இலண்டன் மருத்துவமனைக்கு அழைத்தார்கள். அந்த அழைப்பை உள்ளே இணைத்துவிட்ட தாதி ஜெசிந்தா சல்தானா, இந்தியாவில் பிறந்தவர், சில நாட்களில் உயிரிழந்த நிலையில் காணப்பட்டார். இப்படி ஓர் அழைப்பு உங்களுக்கு வந்தால், விளையாட்டு என்று அவர்கள் சொன்ன அந்த நொடியிலேயே “இதை ஒலிபரப்ப என் சம்மதம் இல்லை” என்று தெளிவாகச் சொல்லுங்கள். வெட்கத்தில் சிரித்துவிடாதீர்கள், சிரித்தால் அதையே சம்மதம் என்பார்கள். எண்ணையும் நேரத்தையும் குறித்து அன்றே நிலையத்துக்கு எழுதுங்கள். நீங்களாக நிகழ்ச்சிக்கு அழைக்கும்போதும் முழுப் பெயர், வீடு, பிள்ளை படிக்கும் பாடசாலை எதையும் சொல்லாதீர்கள். கொண்டச்சி போன்ற சிறிய ஊரில் முதற்பெயரும் ஊர்ப்பெயரும் போதும், ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். குறிப்பாகப் பெண்பிள்ளைகளிடம் இதைச் சொல்லி வையுங்கள்.

ஒரு பெண்ணை நோக்கிப் பாலியல் கொச்சை பேசப்பட்டால் அது வெறும் ஒலிபரப்புத் தரப் பிரச்சினை அல்ல. தண்டனைச் சட்டக் கோவையின் 345ஆம் பிரிவு சொற்களால் செய்யும் பாலியல் தொந்தரவையும் குற்றமாக்குகிறது. ஐந்து வருடம் வரை சிறை உண்டு. சிலாவத்துறைப் பொலிஸ் நிலையத்தில் முறைப்பாட்டைப் பதிந்து, அதன் இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். “இது கொழும்பு வானொலி, நாங்கள் என்ன செய்வது” என்று திருப்பி அனுப்பினால் தேசிய பொலிஸ் ஆணைக்குழுவுக்கு எழுதுங்கள். பிள்ளை சம்பந்தப்பட்டிருந்தால் சிறுவர் உதவிக்கான 1929 தொலைபேசி இலக்கம் இருக்கிறது.

கோபத்தில் “வானொலியையே மூடு, அறிவிப்பாளரைப் பிடித்து உள்ளே போடு” என்று கேட்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2007 ஒக்டோபரில், தாக்குதல் பற்றிய பிழையான செய்தி ஒன்றைக் காரணம் காட்டி, ஒரே நிறுவனத்தின் ஐந்து அலைவரிசைகளின் அனுமதியை அமைச்சு இரத்துச் செய்தது. சூரியன் வானொலியும் அதில் அடங்கியது. ஒரு நிகழ்ச்சியின் தவறுக்கு ஐந்து வானொலிகளின் நேயர்கள் தண்டிக்கப்பட்டார்கள். முசலி மண்ணுக்கு இதைவிட நெருக்கமான பாடமும் உண்டு. சிலாவத்துறைப் பக்கத்துக் கவிஞர் அஹ்னாப் ஜஸீம், தமிழில் எழுதிய ஒரு கவிதை நூலுக்காக 2020 மே மாதம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைதாகி, ஒன்றரை வருடத்துக்கு மேல் உள்ளே இருந்தார். 2023இல்தான் நீதிமன்றம் அவரை விடுவித்தது. சொல்லுக்காக ஆளைப் பிடிக்கும் அதிகாரத்தை நாமே தட்டி எழுப்பினால் அது தூஷணக்காரரோடு நிற்காது. மன்னிப்பும் திருத்தமும் கேளுங்கள்; கைவிலங்கு கேட்காதீர்கள்.

நேயருக்கும் உரிமை உண்டு என்பதை நம் நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. 1995இல் ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம், நேயர்கள் தொலைபேசியில் பங்கெடுத்த முறைசாராக் கல்வி நிகழ்ச்சி ஒன்றைத் திடீரென்று நிறுத்தியது. அதில் பங்கெடுத்து வந்த விமல் பெர்னாண்டோ என்ற நேயர் வழக்குப் போட்டார். அவரது பேச்சுச் சுதந்திரம் மீறப்பட்டது என்று 1996இல் நீதியரசர் மார்க் பெர்னாண்டோ தீர்ப்பளித்தார். அரச வானொலி உங்கள் உரிமையைப் பறித்தால் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுப் போடலாம். ஆனால் அதற்கு ஒரு மாதம்தான் காலம். ஒரு மாதம் மட்டுமே. அதற்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு கொடுத்திருந்தால், அங்கே விசாரணை நடக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது. பணம் இல்லை என்று பின்வாங்க வேண்டாம். சட்ட உதவி ஆணைக்குழுவிடம் போய்க் கேளுங்கள்.

இத்தனையும் சிங்களத்தில் எழுத வேண்டுமோ என்று தயங்கி எத்தனையோ பேர் விட்டுவிடுகிறார்கள். தேவையில்லை. எந்த அரச அலுவலருக்கும் தமிழில் எழுதவும், தமிழில் பதில் பெறவும் அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை உங்களுக்கு உரிமை தருகிறது. சிங்களத்தில் பதில் வந்தால் அதைப் பிரதி எடுத்து அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு இன்னொரு முறைப்பாடாக அனுப்பிவிடுங்கள்.