தேங்கிய நூலுக்கு ஒரு கெடு

பின்னல் தெரிந்தவர்கள் இருக்கும் வீட்டில் பரண் மேலோ பீரோவின் அடித்தட்டிலோ நூல் பை ஒன்று கிடக்கும். பாதி தீர்ந்த உல்லன் உருண்டைகள், ஒரு கை மட்டும் முடிந்த குழந்தை ஸ்வெட்டர், மேஜை விரிப்புக்கென்று வாங்கிய வெள்ளைக் குரோஷா நூல், பழைய ஸ்வெட்டரைப் பிரித்துச் சுற்றிவைத்த கண்டு என்று அதில் எல்லாம் இருக்கும். நூற்கவும் தெரிந்தவர்கள் என்றால் பஞ்சுப் பட்டையும் கழுவிய ஆட்டு ரோமமும் கூடவே சேரும். பை ஆண்டுதோறும் கனக்குமே தவிர இளைக்காது. பார்க்கிறவர்கள் சோம்பல் என்பார்கள். பின்னுகிறவர்களும் குற்ற உணர்வோடு அதை ஒப்புக்கொள்வார்கள். காரணம் வேறு என்பது என் எண்ணம். இன்று கடையில் கிடைக்கும் நூலுக்குக் கெடு என்பதே இல்லை. கெடு இல்லாத பொருள் தேங்கத்தான் செய்யும். அதைத் தீர்க்க மன உறுதியைத் தேடுவதைவிட, கெடுவை நாமே வைத்துக்கொள்வது நடக்கிற காரியம். இதற்கான சான்றுகளைத் தேடி வெகுதூரம் போக வேண்டாம். கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊத்தங்கரையைச் சுற்றியுள்ள மண்ணிலேயே இருக்கின்றன.

முதலில் பட்டு. கிருஷ்ணகிரி மாவட்டம் தமிழ்நாட்டில் மல்பெரியும் பட்டுப்புழுவும் பெரிய அளவில் வளரும் பகுதிகளில் ஒன்று. இலை தின்று முடித்த புழு, சந்திரிகை என்னும் கூடு கட்டும் தட்டில் ஏறி இரண்டு மூன்று நாளில் கூடு கட்டிவிடுகிறது. நல்ல வெண்பட்டுக் கூடு ஒன்றில் ஏறத்தாழ 1000 மீட்டர் நீளத்துக்கு அறுபடாத ஒற்றை இழை இருக்கும். உள்ளே கூட்டுப்புழுவாக மாறிய உயிர் பத்துப் பன்னிரண்டு நாளில் அந்துப்பூச்சியாகக் கூட்டைத் துளைத்து வெளியே வந்துவிடும். துளை விழுந்தால் அந்த நீளம் துண்டு துண்டாகிப் போகும். பிறகு அது இழைப்பட்டு ஆகாது, கழிவுப்பட்டோடு சேர்த்துப் பஞ்சுபோல நூற்கத்தான் ஆகும். அதனால்தான் விவசாயி கூட்டைப் பறித்த கையோடு ஓசூருக்கோ தருமபுரிக்கோ எல்லை தாண்டி ராமநகரத்துக்கோ கொண்டுபோகிறார். விலை ஏறட்டும் என்று மூட்டை கட்டி வைத்திருக்க அவருக்கு வழியில்லை. ஓசூரில் மத்தியப் பட்டு வாரியத்தின் மரபுவள மையம் இருக்கிறது; பல்வேறு பட்டுப்புழு இனங்களைக் காத்துவைப்பதுதான் அதன் வேலை. காத்துவைப்பது என்றால் அலமாரியில் பூட்டுவது என்று நினைத்துவிடக் கூடாது. முட்டைகளைக் குளிர்பதனத்தில் சில மாதம் நிறுத்தி வைக்கலாம், அவ்வளவுதான். மீண்டும் மீண்டும் பொரிக்கவிட்டு, வளர்த்து, கூடு கட்டவைத்து, அடுத்த தலைமுறை முட்டை எடுத்தால்தான் இனம் பிழைக்கும். இருப்பைக் காப்பதற்கே அதைப் புழக்கத்தில் வைத்திருக்க வேண்டியிருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

கம்பளியின் கதை இன்னும் நெருக்கமானது. கிருஷ்ணகிரி, தருமபுரி வட்டாரத்துக் குரும்பர் மக்கள் செம்மறி ஆடு மேய்த்தவர்கள், கம்பளி நெய்தவர்கள். திருச்சி கருப்பு போன்ற உள்ளூர் இனங்களின் முரட்டு ரோமத்தை ஆண்டுக்கு இருமுறை கத்தரிப்பார்கள். வில்லால் கொட்டிச் சிக்கெடுத்து, பெண்கள் நூற்க, ஆண்கள் குழித்தறியில் நெய்ய, புளியங்கொட்டைக் கஞ்சி போட்டு விறைப்பேற்றுவது தக்காணத்துக் கம்பளி நெசவின் வழக்கம். இதில் ஒவ்வொரு படியும் அடுத்த படியை நெருக்கித் தள்ளியது. கத்தரித்த ரோமத்தை நூற்காமல் விட்டால் பூச்சி அரிக்கும். இந்த முறை ரோமம் தீர்வதற்குள் அடுத்த கத்தரிப்பு வந்து நிற்கும். மழைக்காலத்துக்குள் கம்பளி கைக்கு வர வேண்டும். தேங்குவதற்கு இடமே இருக்கவில்லை. இன்று ரோமம் இல்லாத மேச்சேரி போன்ற இறைச்சி ஆடுகளுக்குத்தான் மதிப்பு. பானிப்பட்டில் பழைய கம்பளித் துணியைக் கிழித்து மறுபடி நூற்று நெய்யும் போர்வை மலிவாக எங்கும் கிடைக்கிறது. முரட்டு ரோமத்துக்கு விலை இல்லாமல் போய்விட்டது. ஒரு தொழில் இப்படித் தேய்வது வருத்தமான செய்தி. ஆனால் அது விட்டுச்சென்ற ஒழுங்கு நமக்கு இன்னும் பயன்படும் என்பதால்தான் இதைச் சொல்கிறேன்.

வீட்டுப் பையில் கிடக்கும் உல்லன் நூல் பெரும்பாலும் கம்பளியே அல்ல. பெட்ரோலிய மூலப்பொருளில் பிறந்த அக்ரிலிக். துணி அந்துப்பூச்சியின் புழுவும் கம்பள வண்டின் புழுவும் ரோமத்தையும் பட்டையும் தின்னும், அக்ரிலிக்கைச் சீந்தாது. இருபது ஆண்டு கழித்து எடுத்தாலும் நிறம் பளிச்சென்று இருக்கும். இது நல்ல குணம்தான். ஆனால் இன்றே பின்னிவிடு என்று நெருக்கும் சக்தி அந்த நூலிடம் இல்லை. மிச்சம் விழுவதும் தானாகவே நடக்கிறது. கடையில் முழு உருண்டையாகத்தான் கிடைக்கும். சாயத் தொட்டிக்குத் தொட்டி நிறம் கொஞ்சம் மாறும் என்பதால் ஒவ்வொரு உருண்டையின் சீட்டிலும் லாட் நம்பர் இருக்கும். வேலை நடுவில் நூல் தீர்ந்து வேறு லாட் வாங்கினால் முதுகில் கோடு தெரியும். அந்தப் பயத்தில் அனுபவமுள்ள எவரும் ஓர் உருண்டை கூடுதலாகவே வாங்குவார்கள். ஆக ஒவ்வொரு ஸ்வெட்டரும் முடியும்போது ஒன்றரை உருண்டை மிச்சத்தைப் பெற்றுப் போடுகிறது. இதில் சோம்பலுக்கு எங்கே இடம்?

நூலுக்கு வெளியிலிருந்து கெடு வைத்த பெரிய முயற்சி ஒன்று நம் நாட்டில் நடந்திருக்கிறது. காந்தி தலைமை வகித்த 1924 டிசம்பர் பெல்காம் காங்கிரஸ், உறுப்பினர் ஆக விரும்புவோர் மாதம் 2000 கஜம் நூல் தர வேண்டும் என்று விதித்தது. நாளுக்கு 67 கஜம். கை பழகியவருக்கு அரை மணி நேர வேலைக்கு உள்ளாகவே அடங்கும். அடுத்த சில வாரங்களில், 1925 பிப்ரவரியில், ஓசூர் பக்கத்துத் தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி திருச்செங்கோடு அருகே புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தைத் தொடங்கினார். ஊத்தங்கரையும் அன்று அதே சேலம் மாவட்டத்தில்தான் இருந்தது. வறண்ட மானாவாரிக் கிராமங்களில் பஞ்சைக் கொடுத்து நூலாக வாங்கி, அதை நெசவாளருக்குக் கொடுத்துக் கதராக விற்பது ஆசிரமத்தின் முக்கியப் பணி. இரண்டிலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நூற்றவர் வீட்டில் நூல் தங்கவில்லை. அளந்து, சிட்டம் போட்டு, கட்டி, கொடுத்தாக வேண்டும்.

அந்த விதி தோற்றுப்போனதே என்று கேட்கலாம். உண்மைதான். நூற்று உறுப்பினரானவர்கள் சொற்பம். 1925 செப்டம்பரில் பாட்னாவில் விதியைத் தளர்த்தி, நான்கணா சந்தாவோ ஆண்டுக்கு 2000 கஜம் நூலோ போதும் என்றார்கள். ஆனால் தோற்றது எது? நூற்க விருப்பமே இல்லாத அரசியல்வாதியை நூற்கவைக்க முயன்றதுதான் தோற்றது. கூலிக்கு நூற்ற கிராமத்துப் பெண்களிடம் அதே அளவும் அதே ஒப்படைப்பும் நன்றாகவே வேலை செய்தன. பாட்னாவில் அதே மாதம் பிறந்த அகில பாரத நூற்போர் சங்கம் அவற்றின்மேல்தான் நின்றது. திருப்பூர் அதன் பெரிய கதர் மையங்களில் ஒன்றானது. பின்னுகிறவர் விருப்பத்தோடு ஊசியை எடுப்பவர். அவருக்குக் கட்டாயம் வேண்டாம், அளவு இருந்தால் போதும்.

ஆகவே முதல் வேலை தராசு. காய்கறிக்கு வைத்திருக்கும் சின்னத் தராசே போதும். நூலை உருண்டைக் கணக்கில் பார்த்தால் எதுவும் புரியாது. கிராமில் பார்த்தால் ஒவ்வொரு மிச்சமும் எதுவாக ஆகும் என்பது தெரிந்துவிடும். நடுத்தரத் தடிமனில் 100 கிராம் என்பது 200 மீட்டருக்கு மேல் நீளும். கைக்குழந்தைத் தொப்பிக்கு 30, 40 கிராம் போதும். குழந்தைக் காலுறை ஜோடிக்கு அதைவிடக் குறைவு. பெரியவர் ஸ்வெட்டருக்கு 400 முதல் 500 கிராம் வேண்டும். பையில் 2 கிலோ இருந்து, மாதம் 150 கிராம் தீர்த்தால் பதினான்காம் மாதத்தில் பை காலி. அந்தக் காலம் முடியும்வரை புது நூல் வாங்குவதில்லை என்பது இதன் மறுபாதி. அது இல்லாமல் கணக்கு நிற்காது. தீர்ப்பதே நோக்கமானால் குரோஷா நல்ல துணை. அதே பரப்புக்கு இரட்டை ஊசிப் பின்னலைவிடப் பொதுவாகக் கூடுதல் நூல் கேட்கும், நிறம் மாற்றுவதும் எளிது. நூற்கிறவர்கள் ஒரு மயக்கத்தில் விழக்கூடாது. ஒரு கூடை ரோமத்தைச் சிட்டமாக்கினால் ஏதோ தீர்ந்ததுபோல் தோன்றும்; தீரவில்லை, அடுத்த தட்டுக்கு இடம் மாறியிருக்கிறது. அதனால் நூற்பவருக்கு ரோமத்தின் எடையை மட்டும் குறிப்பது போதாது. பின்னி முடித்த துணியின் எடைதான் கணக்கு.

ஊத்தங்கரையில் கம்பளி எதற்கு என்பது நியாயமான கேள்வி. ஓசூர் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, மார்கழியில் அங்கே ஸ்வெட்டர் இல்லாமல் காலை ஷிப்டுக்குப் போக முடியாது. ஊத்தங்கரையோ பாம்பாற்றுச் சமவெளி. சித்திரையில் உல்லன் நூலைக் கையில் பிடித்தாலே வியர்க்கும். இதற்கு இரண்டு பதில். நூல் என்றால் உல்லன் மட்டுமில்லை, பருத்தியும் உண்டு. நம் வெயிலுக்கு ஏற்றது அதுதான். இரண்டாவது, வெயில் ஊரிலும் குளிர் தாங்காதவர்கள் இருக்கிறார்கள். எடை குறைந்து பிறந்த குழந்தையின் உடல் வெப்பம் விரைவாக இறங்கும். தாயின் மார்போடு சேர்த்துக் கட்டிவைக்கும் கங்காரு பராமரிப்பில் குழந்தைக்குத் தொப்பியும் காலுறையும் அணிவிக்கச் சொல்கிறார்கள். அது சிம்லாவுக்கு மட்டுமான விதி அல்ல.

கடையில் ஸ்வெட்டர் மலிவாகக் கிடைக்கும்போது இவ்வளவு உழைப்பு ஏன் என்பது அடுத்த கேள்வி. புதிதாக நூல் வாங்கிப் பின்னினால் பல நேரம் கடை விலையைத் தாண்டிவிடும் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் பையிலிருக்கும் நூலின் காசு என்றோ போய்விட்டது. இனி அது ஸ்வெட்டராக ஆனால்தான் அந்தக் காசுக்கு ஏதாவது திரும்பும். நேரத்துக்கும் விலை உண்டே என்றால், பின்னுவதை வேலையாகப் பார்ப்பவரின் கணக்கு அது. பின்னுகிறவர்கள் நூல் வாங்கியதே பின்னும் நேரத்துக்காகத்தான்.

கொஞ்சம் வலுவான மறுப்பு தொழில் செய்பவர்களிடமிருந்து வரும். இருப்பு இல்லாமல் கைத்தொழில் நடக்குமா? நடக்காது. நெசவாளர் பாவு, ஊடு நூல்களைக் கையில் வைத்திருந்தாக வேண்டும். ஆனால் ஓடும் இருப்பு வேறு, தேங்கிய இருப்பு வேறு. ஓடுவதற்கு அடுத்த வாரத்து வேலை காத்திருக்கும். தமிழ்நாட்டின் ஓ.இ. (ஓப்பன் எண்ட்) நூற்பு மில்கள் இதை நன்றாகக் காட்டுகின்றன. பெரிய நூற்பாலைகள் கழித்துப்போடும் குட்டை இழையையும் பனியன் கம்பெனிகளின் வெட்டுத் துண்டையும் வாங்கி, கலந்து, மறுபடி நூலாக்கி, போர்வைக்கும் துண்டுக்கும் கொடுக்கிறார்கள். மற்றவர் கழிவே இவர்களுக்கு மூலப்பொருள், அதுவும் நாள் கணக்கில் நகர்ந்துகொண்டே இருக்கிறது. 1941 ஜூனில் பிரிட்டனில் துணிக்கு ரேஷன் வந்து, பின்னல் கம்பளிக்கும் கூப்பன் கேட்டபோது, மக்கள் பழைய ஸ்வெட்டரைப் பிரித்து, கழுவி, சுருக்கம் நீக்கி, மறுபடி பின்னினார்கள். பிரித்துப் பின்னும் பழக்கம் நம் வீடுகளிலும் இருந்ததுதான்; நூல் மலிந்தபோது விட்டுப்போயிற்று.

தனியாகத் தீர்க்க முடியாததைச் சேர்ந்து தீர்க்கலாம் என்பதற்குச் சென்னை சான்று. 2016 ஜனவரி 31 அன்று மதர் இந்தியாஸ் குரோஷே குயின்ஸ் என்ற குழு 11,148.5 சதுர மீட்டர் குரோஷா போர்வையை விரித்துக் கின்னஸ் பதிவில் இடம்பெற்றது. தனித்தனி வீடுகளில் பின்னிய துண்டுகள் சேர்ந்த போர்வை அது. பிறகு சிறு போர்வைகளாகப் பிரித்துத் தேவைப்பட்டோருக்குக் கொடுத்தார்கள். சாதனை எண்ணைவிட அதன் வழிமுறை எனக்கு முக்கியமாகப் படுகிறது. துண்டின் அளவு முன்கூட்டியே முடிவானது, ஒப்படைக்கும் நாளும் முடிவானது. புதுப்பாளையத்துச் சிட்டத்துக்கும் இதற்கும் தொண்ணூறு ஆண்டு இடைவெளி இருந்தாலும் ஒழுங்கு ஒன்றுதான்.

இங்கே எச்சரிக்கை ஒன்று தேவை. நமக்கு வேண்டாத நூலைப் பின்னி அடுத்தவர் தலையில் கட்டுவது தானம் ஆகாது. மருத்துவமனைக்குக் கொடுப்பதானால் முதலில் செவிலியரிடம் கேட்க வேண்டும்: என்ன அளவு, பருத்தியா அக்ரிலிக்கா, வெந்நீரில் துவைக்கத் தாங்குமா, எத்தனை போதும். பச்சிளம் தோலுக்கு மென்மையான பருத்திதான் உகந்தது. அக்ரிலிக் சூடான இஸ்திரியில் உருக்குலைந்து துவண்டுவிடும் என்பதையும் சொல்லிக் கொடுக்க வேண்டும். கைநூற்பு பழகும்போது விழுகிற, ஓரிடம் தடித்தும் ஓரிடம் மெலிந்தும் போன நூலைத் துணிக்குப் பயன்படுத்தாமல், இரண்டு புரியாக முறுக்கித் தரைவிரிப்புக்கோ பைக்கோ பின்னலாம். பூச்சி அரித்த ரோமத்தைக் காப்பாற்ற முயல வேண்டாம், மற்றதையும் அது கெடுக்கும். மண்ணில் புதைத்தால் மெல்ல மக்கித் தழைச்சத்தாகும், மாமரத்தடிக்கு நல்லது. அக்ரிலிக் மக்காது. அதனால் முதலில் தீர்க்க வேண்டிய நூலும் அதுதான்.