சனியும் ஞாயிறும் திரும்பி வந்தன. பிள்ளைகளோடு எங்கே போகலாம்?

ஜொகூர் மாநிலத்தில் 2014 ஜனவரி முதல் 2024 டிசம்பர் வரை, முழுதாகப் பதினோர் ஆண்டுகள், வெள்ளியும் சனியும் வார விடுமுறையாக இருந்தன. அந்தக் காலத்தில் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்வந்த ஒரு தமிழ்க் குடும்பத்தின் வாரத்தை எண்ணிப் பாருங்கள். அப்பாவுக்கு ஓய்வு நாள் ஞாயிறு. பிள்ளைகளுக்கோ ஞாயிறு காலையில் பள்ளிக்கூடம். வெள்ளிக்கிழமை பிள்ளைகள் வீட்டில் இருந்தார்கள். அப்பா பாலத்தைத் தாண்டி வேலையில் இருந்தார். எல்லோரும் ஒன்றாக இருக்கக் கிடைத்தது சனிக்கிழமை ஒன்றுதான். அதிலும் அப்பாவுக்கு ஓவர்டைம் வந்துவிட்டால் அந்த நாளும் போய்விடும்.

2025 ஜனவரி முதல் தேதியிலிருந்து மாநிலம் மீண்டும் சனி, ஞாயிறு விடுமுறைக்குத் திரும்பியிருக்கிறது. இந்த மாற்றத்தைப் பலரும் வங்கி, அரசாங்க அலுவலகம், வியாபாரம் என்ற கணக்கில்தான் பேசினார்கள். வீட்டுக் கணக்கில் பார்த்தால், குடும்பம் கூடியிருக்க வாரத்துக்கு இன்னொரு நாள் கிடைத்திருக்கிறது. அந்த நாள் எங்கே போகிறது என்பதுதான் கேள்வி.

பெரும்பாலும் பேரங்காடிக்குப் போகிறது. இதற்காகப் பெற்றோரைக் குறை சொல்லிப் பயனில்லை. விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து, மோட்டார் சைக்கிளில் பாலத்தைக் கடந்து, இரவு எட்டு ஒன்பது மணிக்கு வீடு திரும்பும் மனிதருக்கு ஞாயிறன்று உடம்பு ஓய்வு கேட்கும். பேரங்காடியில் குளிர்சாதனம் உண்டு, மழை நனைக்காது, கழிப்பறை உண்டு. ஆனால் நடப்பது என்ன? கார் நிறுத்த ஒரு கட்டணம், நான்கு பேர் சாப்பாட்டுக்கு ஒரு தொகை, பிள்ளைகள் விளையாடும் இயந்திரத்துக்கு ஒரு தொகை. மாலையில் வீடு திரும்பும்போது கைப்பை மெலிந்திருக்கும். அங்கே சாப்பாட்டு மேசையில் நான்கு பேரும் நான்கு கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பார்கள். 2012-இல் திறந்த லெகோலேண்ட் போன்ற இடங்களோ ஆண்டுக்கு ஒருமுறை யோசித்துச் செய்ய வேண்டிய செலவு.

முந்தைய தலைமுறைக்கு இந்தத் தலைவலி இருக்கவில்லை. தோட்டத்து மக்களுக்குத் திடல் இருந்தது. மாலையில் பந்து, திருவிழாவில் கோலாட்டம், எப்போதாவது திடலில் வெள்ளைத் திரை கட்டிப் படம். பாயை எடுத்துக்கொண்டு முன்னால் போய் இடம் பிடித்தால் போதும், ஒரு காசு செலவில்லை. தோட்டங்கள் கைமாறி, மக்கள் தாமான் வீடுகளுக்கும் அடுக்குமாடிகளுக்கும் வந்தபோது கூடவே வராமல் நின்றுவிட்டது அந்தத் திடல்தான். இன்று அதற்கு ஈடானதைத் தேடிப் போக வேண்டியிருக்கிறது. நல்ல வேளையாக, ஜொகூரில் தேடினால் கிடைக்கிறது.

போவதற்கு முன் ஒரு கணக்கு. "இலவசம்" என்பது நுழைவாயிலில் மட்டும்தான். பணம் கரைவது பெட்ரோலிலும் டோலிலும் சாப்பாட்டிலும். சாப்பாட்டை வீட்டிலிருந்து கொண்டு போனால் செலவில் பெரும் பகுதி அடிபட்டுப் போகிறது. புளிச்சோறும் அவித்த முட்டையும், அல்லது நாசி லெமாக் பொட்டலமும் ஒரு பிளாஸ்கில் மைலோவும் போதும். தூரத்தையும் அளந்துகொள்ள வேண்டும். மாதத்தில் மூன்று வாரம் அரை மணி நேரத்துக்குள் போகும் இடம், ஒரு வாரம் தூரப் பயணம் என்று வைத்துக்கொண்டால் உடம்பும் தாங்கும், பையும் தாங்கும்.

அருகில் இருப்பதில் முதலில் சொல்ல வேண்டியது ஜொகூர்பாரு பழைய நகரம். காலை எட்டு மணிக்கு, வெயில் ஏறுவதற்கு முன், நடந்தே பார்க்க வேண்டிய இடம் இது. ஜாலான் உங்கு புவானில் 1911-இல் தோன்றிய அருள்மிகு ராஜமாரியம்மன் தேவஸ்தானம் இருக்கிறது. அங்கே கும்பிட்டுவிட்டுச் சில நிமிடம் நடந்தால் ஜாலான் துருஸ். அந்தச் சாலையில் ஒன்றரை நூற்றாண்டு பழமையான சீனக் கோயில். தியோச்சு, ஹொக்கியன், ஹக்கா, காண்டனீஸ், ஹைனானீஸ் என்று ஐந்து மொழிக் குழுவினர் தத்தம் தெய்வத்தை ஒரே கூரையின் கீழ் வைத்து வணங்கும் இடம் அது. சீனப் புத்தாண்டின் முதல் மாதத்தில் நடக்கும் சிங்கே ஊர்வலம் இந்தத் தெய்வங்களைத்தான் நகரைச் சுற்றி எடுத்து வருகிறது. அதே சாலையில் சீக்கியர்களின் குருத்துவாராவும் இருக்கிறது. தலையைத் துணியால் மூடிக்கொண்டு யாரும் உள்ளே போகலாம். பாடப்புத்தகத்தில் "பல்லின மக்கள்" என்று படிக்கும் பிள்ளைக்கு, அரை மணி நேர நடையில் மூன்று சமயத்தார் கும்பிடும் இடங்களும் கண்ணெதிரே வந்துவிடுகின்றன.

பக்கத்திலேயே ஜாலான் தான் ஹியோக் நீ. மிளகும் கேம்பியரும் ஜொகூரின் செல்வமாக இருந்த காலத்தில் அவற்றைப் பயிரிட்ட சீனர்களுக்குத் தலைவராக விளங்கியவரின் பெயர் அது. ரப்பர் வருவதற்கு முன்பே இந்த மாநிலம் எதை விற்றுப் பிழைத்தது என்று பிள்ளைகளுக்குச் சொல்ல நல்ல சந்தர்ப்பம். அந்தத் தெருவில் 1919 முதல் விறகு அடுப்பில் ரொட்டி சுடும் ஹியாப் ஜூ கடை இருக்கிறது. அதன் வாழைப்பழ கேக் பெயர் பெற்றது. ஒரு பெட்டி வாங்கினால் குடும்பம் முழுவதற்கும் போதும். வரிசை மட்டும் நீளமாக இருக்கும்.

நடையை நீரிணைப் பக்கம் கொண்டு போனால் பாலம் தெரியும். 1924-இல் திறக்கப்பட்டு நூறாண்டைக் கடந்துவிட்ட அந்தப் பாலத்தின் நீளம் ஒரு கிலோமீட்டருக்குச் சற்றே அதிகம். அவ்வளவு சிறிய தூரத்தைக் கடக்கத்தான் அப்பாவுக்கோ அம்மாவுக்கோ தினமும் மணிக்கணக்கில் ஆகிறது என்று கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ளும் பிள்ளை, திங்கட்கிழமை இரவு அவர்கள் சோர்ந்து வருவதை வேறு விதமாகப் பார்க்கும்.

தெப்ராவ் பக்கம் இருப்பவர்களுக்கு அருள்மிகு ராஜகாளியம்மன் ஆலயம் அருகில். 1922-இல் எளிய குடிலாகத் தொடங்கிய கோயில், இன்று சுமார் 3 இலட்சம் கண்ணாடித் துண்டுகள் பதித்த கண்ணாடிக் கோயிலாக நிற்கிறது. சுற்றுப்பயணிகள் கட்டணம் கட்டிப் பார்க்க வருகிறார்கள். கும்பிட வருகிறவர்களுக்குக் கட்டணம் கிடையாது. ஐந்து வயதுப் பிள்ளைக்கு அந்தச் சுவர்களில் தன் முகம் நூறாகத் தெரிவதே பெரிய வேடிக்கை.

நகரத்து மிருகக்காட்சிசாலை 1928-இல் சுல்தான் இப்ராஹிம் காலத்தில் திறக்கப்பட்டது. ஆசியாவின் பழைமையான மிருகக்காட்சிசாலைகளில் ஒன்று. புதுப்பிக்கப்பட்டு 2023-இல் மீண்டும் திறந்தபின் கட்டணம் முன்புபோல் ஒரு வெள்ளி, இரண்டு வெள்ளி இல்லை. ஆனாலும் ஒரு குடும்பத்துக்குக் கட்டுப்படியாகும் தொகைதான். மழை நாளுக்கு லார்க்கின் பக்கம் சுல்தான் இஸ்மாயில் நூலகம் இருக்கிறது.

பாசிர் கூடாங்கில் பட்டம் விடுவதற்கென்றே ஒரு குன்று உண்டு, புக்கிட் லாயாங் லாயாங். 1995-இல் தொடங்கிய உலகப் பட்டத் திருவிழாவுக்குப் பெயர் பெற்ற இடம். திருவிழா இல்லாத நாளிலும் காற்று இருக்கிறது. மூங்கில் குச்சி, மெல்லிய தாள், பசை, நூல் ஆகியவற்றை வைத்துச் சனிக்கிழமை வீட்டில் பட்டம் செய்து, ஞாயிறு மாலை அங்கே பறக்கவிட்டால் ஒரே செலவில் இரண்டு நாள் வேலை. முதல் பட்டம் அநேகமாகப் பறக்காது. வால் போதாமல் சுழன்று விழும். வாலை நீட்டி மறுபடி விட வேண்டும்; அப்பாவும் பிள்ளையும் சேர்ந்து செய்ய அதில் நிறைய இருக்கிறது.

தண்ணீர் விஷயத்தில்தான் ஜொகூர்பாரு குடும்பங்களுக்குக் குறை. டாங்கா பே, ஸ்துலாங், புத்ரி ஹார்பர் என்று நீரோரம் நடக்கலாம், காற்று வாங்கலாம். ஆனால் நீரிணையில் பிள்ளைகளைக் குளிக்கவிட முடியாது. ஆஸ்திரேலியாவின் கெர்ன்ஸ் நகருக்கும் இதே சிக்கல் இருந்தது. அங்கே கடற்கரை சேறு. கடலில் முதலையும் நச்சு ஜெல்லி மீனும் வேறு. அந்த நகர மன்றம் 2003-இல் கடலோரமாக 4,800 சதுர மீட்டர் பரப்பில் ஒரு குளம் கட்டி, யாரும் கட்டணமின்றிக் குளிக்கலாம் என்று திறந்துவிட்டது. நீர்முகப்பில் உயர்ந்த கட்டடங்களுக்கு இடம் கொடுக்கும் ஜொகூர்பாருவில் அப்படி ஒரு குளம் இன்னும் இல்லை. சட்டமன்ற வேட்பாளர்கள் வாக்குக் கேட்டு வரும்போது பெற்றோர் இதைக் கேட்கலாம்.

அதுவரை தண்ணீருக்கு மலையடிவாரம்தான். 654 மீட்டர் உயரமுள்ள குனோங் பூலாய், கோத்தா திங்கி நீர்வீழ்ச்சி இரண்டும் ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கின்றன. இங்கே பணத்தைவிடக் கவனம்தான் முக்கியம். மலாய்க்காரர்கள் "கெப்பாலா ஆயர்" என்று சொல்லும் திடீர் வெள்ளம், கீழே வெயில் அடிக்கும்போதே வரும். மேலே, கண்ணுக்குத் தெரியாத மலைமுகட்டில் மழை பெய்திருக்கும். அந்தத் தண்ணீர் பாறை இடுக்குகளில் சேர்ந்து ஒரே வீச்சில் இறங்கும். தெளிந்த நீர் கலங்கினால், இலையும் சுள்ளியும் மிதந்து வந்தால், நீரின் இரைச்சல் மாறினால் உடனே கரையேறிவிட வேண்டும். துணிமணி, செருப்பு, சாப்பாட்டுப் பை எதையும் எடுக்க நிற்கக்கூடாது. 2001 டிசம்பரில் பலத்த மழையின்போது குனோங் பூலாயிலிருந்து இறங்கிய மண்சரிவு அடிவாரக் கம்பத்தில் 5 பேரின் உயிரைக் குடித்தது. மேலே வானம் கறுத்திருந்தால் அன்று வேறிடம் போவதே நல்லது. தெசாரு பொதுக் கடற்கரைக்கும் இதே போன்ற எச்சரிக்கை உண்டு. அது தென் சீனக் கடலைப் பார்த்த கரை; நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்றில் அலை ஆளை இழுக்கும். அந்த மாதங்களில் மணலில் விளையாடுவதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

மாதத்தில் ஒரு தூரப் பயணம் என்றால் பொந்தியானைத் தாண்டித் தஞ்சோங் பியாய். ஆசியப் பெருநிலத்தின் தென்கோடி முனை இது. 2003-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக ராம்சார் பட்டியலில் சேர்க்கப்பட்டது. நுழைய ஒரு சிறு கட்டணம் உண்டு. கண்டல் மரங்களுக்கு நடுவே போட்ட பாதையில் நடக்கும்போது, மூச்சு விடுவதற்காகச் சேற்றுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் வேர்களைப் பிள்ளைகளுக்குக் காட்டலாம். சேற்றில் தத்தித் தாவும் மீனைப் பார்க்க வேண்டுமானால் கடல் வற்றியிருக்கும் நேரமாகப் போக வேண்டும். கொசு மருந்தும் தண்ணீரும் கையில் இருக்கட்டும். சாப்பாட்டுப் பையைத் திறந்தபடி தூக்கிப் போக வேண்டாம். அங்கே குரங்குகள் அதிகம்.