பேட்டரியைக் காக்கும் சின்னப் பெட்டி

கரண்ட் எட்டாத தோட்டத்து வீட்டுக்கு சோலார் போடக் குழுவில் கடன் எடுக்கிறோம். பேனல், பேட்டரி விலையைத் துருவிக் கேட்கும் நாம், சார்ஜ் கன்ட்ரோலரை மட்டும் கடைக்காரர் கொடுத்தபடி வாங்கி வந்துவிடுகிறோம். பேட்டரி அளவுக்கு மீறி சார்ஜ் ஆகாமல் பார்த்துக்கொள்வதே அதுதான். எங்கள் குழுவில் 100 வாட்ஸ் பேனலுக்கு 5 ஆம்பியர் பெட்டியை மாட்டினோம். அது சூடேறிக் கருகியது. பேட்டரித் தண்ணீரும் வற்றி, ஒரே வருஷத்தில் பேட்டரி படுத்துவிட்டது. தவணை மட்டும் இன்னும் கட்டுகிறோம்!

பேனலின் பின்பக்கத் தாளில் 'ஐ.எஸ்.சி.' என்று ஒரு ஆம்பியர் கணக்கு இருக்கும். அதோடு கால் பங்கு கூட்டுங்க. 12 வோல்ட் பேட்டரிக்கான 100 வாட்ஸ் பேனலில் அது சுமார் 6, கூட்டினால் ஏழரை. ஆகவே 10 ஆம்பியர் கன்ட்ரோலர் வாங்கணும்.

இந்த அளவுக்கு விலை குறைந்த பி.டபிள்யூ.எம். வகையே தாராளம். ஆனால் 30 வோல்ட் தரும் 250 வாட்ஸ் பேனலை 12 வோல்ட் பேட்டரிக்கு இப்படி இணைத்தால், அதன் சக்தியில் பாதிகூட பேட்டரிக்குப் போகாது. அதற்கு எம்.பி.பி.டி. வகைதான் சரி. அதில் கணக்கு வேறு: 250ஐ 12ஆல் வகுத்தால் 21 ஆம்பியர், 30 ஆம்பியர் பெட்டியாகக் கேளுங்க. லித்தியம் பேட்டரி என்றால் அதற்கான செட்டிங் உண்டா என்றும் கேட்கணும்.

மாட்டும்போது முதலில் பேட்டரி ஒயர், அப்புறம்தான் பேனல் ஒயர். கழற்றும்போது முதலில் பேனல்.