வாடகை வீட்டு நஷ்டம்: ஜூலை 31ஐத் தவறவிட்டால் எது போகும்?

2025-26 நிதியாண்டுக்கான வருமான வரிக் கணக்கைச் சம்பளக்காரர்கள் தாக்கல் செய்ய ஜூலை 31 கடைசி நாள். கடனில் ஃபிளாட் வாங்கி வாடகைக்கு விட்டிருக்கும் வாசகர்கள் திரும்பத் திரும்பக் கேட்பது இதுதான்: “அபராதம் கட்டி டிசம்பர் 31 வரை தாக்கல் செய்யலாமே, ஏன் அவசரம்?”

அபராதம் அதிகபட்சம் 5,000 ரூபாய். உண்மையான இழப்பு வேறு இடத்தில் இருக்கிறது.

தாம்பரத்தில் ஒரு ஃபிளாட். மாத வாடகை 20,000. ஆண்டுக்கு 2,40,000. சொத்து வரி 10,000 போக 2,30,000. அதில் 30 சதவீதமான 69,000 நிலையான கழிவு. மிச்சம் 1,61,000. வங்கிக்குக் கட்டிய வட்டியோ 4,00,000. ஆக, நஷ்டம் 2,39,000.

பழைய வரி முறையில் இதில் 2 லட்சத்தைச் சம்பளத்தில் கழிக்கலாம். 30 சதவீத வரம்பில் இருப்பவருக்கு செஸ் சேர்த்து 62,400 ரூபாய் வரி குறையும். மீதி 39,000, அடுத்த எட்டு ஆண்டுகளுக்குள் வரும் வீட்டு வருமானத்தில் கழியும். புதிய முறையில் சம்பளத்திலிருந்து ஒரு ரூபாய்கூடக் கழியாது.

சிக்கல் இங்கேதான். பங்கு விற்ற நஷ்டத்தைப் போல அல்லாமல், வீட்டு நஷ்டத்தைத் தாமதமாகத் தாக்கல் செய்தாலும் அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோகலாம் என்கிறது சட்டம். அதை நம்பிப் பலர் நிதானமாக இருக்கிறார்கள். ஆனால் பழைய முறையைத் தேர்ந்தெடுக்கும் உரிமை கெடு நாளோடு முடிந்துவிடுகிறது. ஆகஸ்டில் தாக்கல் செய்கிற சம்பளக்காரருக்குப் புதிய முறை மட்டுமே. ‘எளிமை’ என்று அரசு சொல்வது இதைத்தான். தாமதத்துக்குக் கட்டணம் வாங்குவது நியாயம். அதை வாங்கிக்கொண்டு கழிவையும் பறிப்பது இரட்டைத் தண்டனை.

புதிய முறையில் வரி விகிதம் குறைவு என்பதால், எல்லோருக்கும் பழையதே லாபம் என்றும் சொல்ல முடியாது. இரண்டிலும் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

வீட்டைப் புதுப்பித்த செலவு? பராமரிப்புக்கானது என்று சொல்லப்படும் அந்த 30 சதவீதத்துக்கும் உங்கள் செலவுக்கும் தொடர்பே இல்லை. டைல்ஸ், பிளம்பிங் என்று 3 லட்சம் இறைத்தாலும் 69,000தான். ஒரு ஆணிகூட அடிக்காவிட்டாலும் 69,000தான். ஆனால் கூடுதல் அறை கட்டியது போன்ற செலவை, விற்கும்போது வீட்டின் அடக்க விலையோடு சேர்க்கலாம். 2024 ஜூலை 23 முதல் வாங்கிய வீடுகளுக்குப் பணவீக்கச் சரிக்கட்டல் கிடையாது. நீண்டகால லாபத்துக்கு நேராக 12.5 சதவீத வரி. அதனால் அந்த பில்களைப் பத்திரத்தோடு சேர்த்து வையுங்கள். பெயின்ட் அடித்த பில் இதற்கு உதவாது.

அலுவலகத்தில் புதிய முறை என்று சொல்லிவிட்டேன்? தாக்கல் செய்யும்போது மாற்றலாம்.

தொழில் வருமானமும் உண்டு? பழைய முறைக்குப் படிவம் 10-ஐஇஏ கட்டாயம்.

கணவன், மனைவி கூட்டாக வாங்கியது? அவரவர் பங்குப்படி வருமானம். 2 லட்ச வரம்பு தனித்தனி.

வாடகை மாதம் 50,000க்கு மேல்? குடியிருப்பவர் 2 சதவீதம் டிடிஎஸ் பிடிக்க வேண்டும்.

 

கடைசியாக ஒன்று. தாக்கல் செய்த 30 நாளுக்குள் ஆதார் ஓடிபி மூலமோ வேறு வழியிலோ சரிபார்ப்பை முடித்துவிடுங்கள். தவறினால், சரிபார்த்த நாளே தாக்கல் செய்த நாளாகக் கொள்ளப்படும்; ஜூலையில் அனுப்பிய கணக்கும் தாமதக் கணக்காகிவிடும்.